டிக் எடுத்த பெயர்

காஞ்சிபுரத்தில் புடவை வாங்க வருகிறவர்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. விற்கிறவர்களுக்கு அது கிடையாது. பட்டுக் கடை கலியாணசுந்தரம் ஆன்லைனில் ஆர்டர் எடுக்க ஒரு படிவம் வேண்டும் என்று திங்கட்கிழமை சொன்னார், செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்து, "முடிஞ்சிதாமா?" என்று கேட்டார். கேட்கப்பட்டவள் சுகாசினி. செவிலிமேட்டில் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து கொடுக்கிறவள். கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு விரலால் கீபோர்டை அடிப்பாள்.

படிவம் சுலபமானதுதான். 'இன்னொரு புடவை' என்ற பட்டனை அழுத்தினால் புதிதாக ஒரு பகுதி முளைக்கும். அதில் கல்யாணத்துக்கா, கோயிலுக்கா என்று கேட்கும். கோயிலுக்கு என்றால் அம்மனின் உயரம் கேட்கும். 'முந்தானையில் உபயதாரர் பெயர் நெய்யவா?' என்றும் கேட்கும். டிக் போட்டால் பெயர் எழுதும் பெட்டி தெரியும், எடுத்தால் மறையும். இந்தக் கேள்வி கலியாணசுந்தரத்தின் யோசனை. தப்பில்லை. நம் ஊரில் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தவர்கூட, வெளிச்சமே மறைகிற அளவுக்கு அதில் தன் பெயரை எழுதித்தான் மாட்டுவார்.

முதல் நாளே இரண்டாவது புடவைக்கு டிக் வேலை செய்யவில்லை. பக்கம் திறக்கும்போது இருந்த பெட்டிகளைத்தான் நிரல் கவனித்துக்கொண்டிருந்தது. கார்டு அச்சடித்த பிறகு பிறந்த குழந்தைக்கு ரேஷன் கிடைக்காதது போல, பிறகு முளைத்தவற்றை அது கண்டுகொள்ளவில்லை. சுகாசினி ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் காவல் போடுவதை விட்டு, எல்லாவற்றுக்கும் வெளியே வாசலில் ஒரே காவல் வைத்தாள். சரியாகிவிட்டது.

கலியாணசுந்தரத்தின் அடுத்த புகார் உடனே வந்தது. "ஏம்மா, கஷ்டப்பட்டு தமிழ்ல பேரு அடிக்கிறேன். தெரியாம டிக்க எடுத்துட்டு திரும்பப் போட்டா பேரே காணோம். கஸ்டமர் திட்டுவாங்கமா." நியாயமான பேச்சு. டிக்கை எடுத்தால் பெட்டியைக் காலி செய்யும் வரியைச் சுகாசினி நீக்கினாள். இனிமேல் பெட்டி மறையும்; பெயர் உள்ளேயே பத்திரமாக இருக்கும்.

பத்திரமாகத்தான் இருந்தது. அதுதான் வினை. கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் இருப்பதையும் பிரவுசர் சேர்த்தே அனுப்பிவிடும். அனுப்பக் கூடாதென்றால் மறைக்கும்போதே முடக்கியும் வைக்க வேண்டும். அந்த ஒரு வரியைச் சுகாசினி எழுதவில்லை.

ஆடி மாதம் அந்தப் படிவத்தை நிரப்பியவர் கங்கையம்மாள். அரசு மருத்துவமனையில் நர்ஸ், இவரும் செவிலிமேட்டில்தான் இருக்கிறார். திருப்புட்குழியைத் தாண்டி ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவர். ஊர்ப் பெயர் வேண்டாம். மகன் சத்யராஜ் பைக்கிலிருந்து விழுந்து மூன்று வாரம் கண் திறக்காமல் கிடந்தபோது, பிறந்த ஊர் அம்மனுக்குப் பட்டு சாத்துவதாக வேண்டிக்கொண்டார். அவன் பிழைத்தான். குங்குமச் சிவப்பு உடம்பு, பச்சைக் கரை என்று ஆர்டர் செய்தார். டிக் போட்டார், பெயர் எழுதினார், பிறகு டிக்கை எடுத்துவிட்டு அனுப்பினார்.

தறிக்காரர் பழனிக்குப் போகிற சீட்டில் டிக் கிடையாது. பெயர் இருந்தால் நெய்வார், இல்லாவிட்டால் விடுவார். அவர் நெய்துவிட்டார். முடிந்த புடவையைப் போட்டோ எடுத்துக் கடை கங்கையம்மாளுக்கு அனுப்பியது. அவர் டியூட்டியைப் பாதியில் விட்டுக் கடைக்கு வந்தார். கலியாணசுந்தரம் சுகாசினியையும் கூப்பிட்டு வைத்திருந்தார்.

முந்தானையின் ஓரத்தில் ஜரிகையில் தெளிவாக இருந்தது: உபயம் கங்கையம்மாள்.

"இன்னாமா இது? அவங்க வேணான்னு சொல்லிக்கிறாங்க, உன் கம்ப்யூட்டரு வேணுன்னு சொல்லிக்குது" என்றார் கலியாணசுந்தரம்.

பெயரை அழிய விடாதே என்றவர் அவர்தான். சுகாசினிக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. கங்கையம்மாளின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

"என் தப்புதான்கா. மறைச்சேன், ஆனா போவாம தடுக்கல."

"வெட்டிட முடியாதா?" என்று கங்கையம்மாள் கேட்டார்.

முடியாது. கோயில் புடவை என்றால் பழனி பாவு நூலுக்கு மஞ்சள் தடவி, இன்ன அம்மனுக்கு என்று சொல்லித்தான் தறியில் ஏற்றுவார். அப்படி ஏற்றியதை வெட்டக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சாத்தினால் வேண்டுதலில் சேராது. வெள்ளிக்கிழமை திருவிழா, புதிதாக நெய்ய நேரமும் இல்லை.

"பேரு இருந்தா இன்னாமா? நல்லதுதான?" என்றார் கலியாணசுந்தரம். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

கங்கையம்மாள் அவரிடம் சொல்லவில்லை. சுகாசினியைப் பார்த்துச் சொன்னார். "எங்க காலனியில ஊர்க்காரங்க திருவிழா வரி வாங்க மாட்டாங்கமா. வரியே வாங்காதவங்க புடவை வாங்குவாங்களா? யாரு இந்த கங்கையம்மாள்னு ஒருத்தன் கேட்டா போதும், திரும்பி வந்துடும். பேரில்லாம போனா அம்மன் கட்டிக்குவா. அதான் எடுத்தேன்."

சுகாசினியின் அப்பா தேவசகாயமும் அப்படி ஒரு தெருவிலிருந்து வந்தவர்தான். அவளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. "அப்புறம் ஏன்கா முதல்ல எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கங்கையம்மாள் ஜரிகை எழுத்தை விரலால் தடவினார். "ஆசைதான். எழுதிப் பாத்தேன்" என்றார். பிறகு, "போவட்டும். வேற வழியில்ல" என்று புடவையை மடித்துக் கலியாணசுந்தரத்திடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சுகாசினி தன் ஸ்கூட்டியில் அவரை உட்காரவைத்துக்கொண்டு போனாள். வீட்டில் ஜெபமாலை உருட்டுகிற பெண் அம்மன் கோயிலுக்கு எதற்கு என்று கேட்டால், தப்புச் செய்தவள் பக்கத்திலாவது நிற்க வேண்டாமா என்பாள். கடை ஆள் முந்தின நாளே புடவையைக் கோயிலில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். காலனிக்காரர்கள் நிற்கும் வேப்ப மரத்தடியில் இருவரும் நின்றார்கள். அங்கிருந்து கருவறை நேராகத் தெரியும்.

அபிஷேகம் முடிந்தது. பூசாரி வாசலில் நின்று புடவையை உதறிப் பிரித்தார். முந்தானை கைக்கு வந்ததும் நின்றார். வாசித்தார். நிமிர்ந்து, வேப்ப மரத்தடியைப் பார்த்தார். கங்கையம்மாளை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

திரையை இழுத்துவிட்டார்.

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. கங்கையம்மாள் சுகாசினியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐ.சி.யூ. வாசலில் நின்றபோதுகூட இப்படிப் பயந்ததில்லை என்று பிற்பாடு சொன்னார்.

திரை விலகியது. சிவப்புப் பட்டு, பச்சைக் கரை. முந்தானையின் ஓரம் உள்பக்கமாக மடித்துச் செருகப்பட்டிருந்தது. ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை. மைக்கில் "புடவை, ஒரு பக்தர் உபயம்" என்றார்கள்.

சுகாசினி கங்கையம்மாள் பக்கம் குனிந்தாள். "பாத்துட்டு மறைச்சிட்டாருக்கா. வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

கங்கையம்மாள் அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில்தான். "மறைச்சாலும் உள்ளதான இருக்குது. அவ மேல இருக்குதும்மா என் பேரு."

அன்று வீட்டுக்கு வந்ததும் சுகாசினி விட்டுப்போன வரியை எழுதினாள். மறைகிற பெட்டி இனிமேல் முடங்கும். டிக் இல்லாத பெயர் எங்கும் போகாது. நாலு தடவை சோதித்துப் பார்த்தாள்.

மறு வருஷம் ஆடிக்கு முன்பு அதே அம்மனுக்கு ஓர் ஆர்டர் வந்தது. பெயர்: கங்கையம்மாள், காலனி. மறுபடி தன் நிரல்தான் சொதப்பிவிட்டது என்று நினைத்து, சுகாசினி அதை வரி வரியாகப் பார்த்தாள். பிழை எதுவும் இல்லை. போன் போட்டாள்.

"அக்கா, டிக் தெரியாம விழுந்துடுச்சா? பேரு வந்துக்குது. காலனின்னு வேற இருக்குது."

"நான்தாம்மா போட்டேன்" என்றார் கங்கையம்மாள். "பழனிகிட்ட சொல்லு, ஓரத்துல வேணாம். மடிக்க முடியாத எடத்துல நெய்யட்டும்."