தலை பதிந்த தகடு

"மெதுவா, மெதுவா... தலையைப் பிடிங்க" என்று சித்தப்பா கத்த, நாலு பேராக அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கினார்கள். தலைமாட்டில் கிடந்த சாம்பல் நிறத் தகட்டில் அவர் தலை பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. மகள் சட்டென்று ஹீட்டரை அணைத்தாள்.

அப்பாவும் அவளும் ஒரே பிளாஸ்டிக் ஆலையில் வேலை. எத்திலீனையும் ஸ்டைரீனையும் சேர்த்து ஒன்றாக்குகிற இடம். அவர் பிரஸ்ஸில் தகடு அழுத்துவார். அவள் சோதனை அறையில் அதை இழுத்தும் வளைத்தும் பார்ப்பாள். "எத்திலீன் வீட்டுப் பொண்ணு வளைஞ்சு குடுப்பா, ஸ்டைரீன் வீட்டு மாப்பிள்ளை விறைச்சுக்கிட்டு நிப்பான். அளவா சேர்த்தா குடும்பம் நடக்கும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் அப்பா அளப்பார். தலைமாட்டில் கிடந்த தகடு ஸ்டைரீன் கூடிப்போய் ஆலையில் கழித்துப் போட்டது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும், மறுபடி சூடு பட்டால் பள்ளமெல்லாம் தானே எழும்பிவிடும். கழுத்துக்கு இதமென்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார் மனுஷன்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"அண்ணன் வந்துரட்டும் சித்தப்பா. மூஞ்சியையாவது காட்டுங்கன்னு போன்ல அழுவுறான்."

"நான் என்னம்மா பண்ணட்டும்? அவன் ரயில் பனியில மாட்டிக்கிச்சு. சுடுகாட்டுல குடுத்த நேரம் போயிரும்."

வண்டி போய்விட்டது. அவள் ஜன்னல்களை அகலத் திறந்தாள்.

"குளுருதுடி, சாத்தேன்" என்றாள் அம்மா.

"இருக்கட்டும்மா."

அறையைக் கழுவ அத்தை வெந்நீர் வாளியோடு வந்தாள். "உள்ள வராதீங்க அத்தை!" என்று அவள் போட்ட சத்தத்தில் வாளி தளும்பியது. "பித்துப் பிடிச்சிருச்சா இவளுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை திரும்பிப் போனாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து சேர்ந்தான். வெறும் கட்டிலைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"இங்க வா. அப்பா தலை வச்சிருந்த இடம்."

மண்டியிட்டு விரலால் தடவினான். "காது மடல்கூடத் தெரியுதுடி" என்றவன், அந்தப் பள்ளத்திலேயே கன்னத்தை வைத்து விம்மி விம்மி அழுதான்.

அவன் கன்னத்துச் சூடு. மூச்சுச் சூடு. கண்ணீரும் சூடுதான். அடியில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். 'எந்திரி அண்ணா' என்று தொண்டைவரை வந்தது.

அவன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

அவள் போய் ஜன்னல்களைச் சாத்தினாள். பிறகு ஹீட்டரைப் போட்டாள்.