நூனிங் கேட்டதும் நான் எழுதியதும்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. நல்ல எழுத்தாளர்கள் மழையைப் பார்த்து எழுதுகிறார்கள், பசியைப் பார்த்து எழுதுகிறார்கள். நான் என் தங்கை வீட்டுக் கூரைப் புகையைப் பார்த்து எழுதுகிறேன். எங்கள் தியெங் மலையில் வீடுகள் குளிருக்கு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அவள் அடுப்படியில் உட்கார்ந்து குளிர் காய்கிறவர் யார் என்பது இங்கிருந்தே எனக்குத் தெரியும்.

குளிர் காய்கிறவர் என் கணவர்.

(அந்த வரியைப் பலமுறை அடித்துவிட்டேன். "உறவினர் ஒருவர்" என்று மாற்றியும் பார்த்தேன். அது யாரென்று வாசகருக்குத் தெரியாவிட்டால் இந்தக் கதையில் என்னதான் இருக்கிறது?)

2

கைவிட்ட முதல் தொடக்கம்: "பனி விலகாத காலையில், சடைமுடிச் சிறுமி நூனிங் உருளைக்கிழங்கு வரப்பின் மேல் ஒரு வாத்தைத் துரத்திக்கொண்டு—"

வாத்து வேண்டாம். வாத்து வந்தால் நீங்கள் நூனிங்கைக் கொஞ்சத் தொடங்கிவிடுவீர்கள். அவளைக் கொஞ்ச ஊரே இருக்கிறது.

அவள் என் தங்கை சுமினியின் மகள், ஆறு வயது. குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது தலைமுடி திரிதிரியாகச் சடை பிடித்திருந்தது. எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி விழுவதில்லை. விழுந்த பிள்ளை மலையின் செல்லம். அதட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, சடையை நாமாக வெட்டவும் கூடாது. ஒருநாள் அதுவே வாய் திறந்து, வெட்டுங்கள், எனக்கு இன்னது வேண்டும் என்று கேட்கும். கேட்டதைக் கொடுத்துவிட்டு வெட்டி, சடையை ஏரியில் விட்டால் நல்ல முடி வளரும். கொடுக்காமல் வெட்டினால் காய்ச்சலும் திரும்பும், சடையும் திரும்பும்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: கீழேயிருந்து வந்த ஒரு மருத்துவர் இதெல்லாம் மூடநம்பிக்கை என்றார். அவர் பிள்ளைக்குச் சடை விழவில்லை.)

எனக்குப் பிள்ளை இல்லை. இதையும் அடைப்புக்குறிக்குள் போடலாம் என்று நினைத்தேன். வெளியிலேயே இருக்கட்டும்.

3

சுமினியின் புருஷன் உருளை மூட்டை ஏற்றிய லாரி கவிழ்ந்து செத்தான். அதிலிருந்து என் கணவர் வார்ஜோ அவள் நிலத்திலும் பாடுபடுகிறார். முதல் நாள் நான்தான் அனுப்பினேன். "பாவம், ஒத்தப் பொம்பள. ஒரு கை குடுத்துட்டு வாங்க" என்றேன். ஒரு கை என்றுதான் சொன்னேன்.

மழையில்லாத மாதங்களில் விடியற்காலை விஷப்பனி விழும். வெயில் படுவதற்குள் இலையைத் தண்ணீரடித்துக் கழுவாவிட்டால் உருளைச் செடி தீய்ந்துவிடும். அப்படிப் பனி விழுந்த ஒருநாள், இரண்டு நிலத்துக்கும் சேர்த்து எங்களிடம் ஒரே குழாய். வார்ஜோ அதை இழுத்துக்கொண்டு ஓடினார். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நம்ம செடி என்ன ஆவுறது?" என்று கத்தினேன்.

"அவ நிலம் பள்ளத்துல இருக்குடி. பனி அங்கதான் மொதல்ல தேங்கும்!"

சரியான காரணம்தான். சரியான காரணம் சொல்லிவிட்டுப் போகிற மனிதன்மேல் எரிச்சல் இரட்டிப்பாக வருகிறது. எங்கள் செடி அத்தனையும் கருகியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊற்றடியில் பொனியெம் என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தாள்.

"என்ன பர்தினா, உங்க வீட்டு உருளை சுட்டே வெளையுதாமே! வெறகு மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

4

சுமினியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எப்படி எழுதினாலும் அழகாக வந்துவிடுகிறாள். மூக்கைக் கொஞ்சம் சப்பையாக்கிப் பார்த்தேன். அதுவும் அவளுக்குப் பொருந்திவிட்டது. கெட்டவளாக எழுத ஒரு பத்தி தொடங்கினேன்: "சுமினி கள்ளச் சிரிப்புடன் அவர் தட்டில் சோயாத் தெம்பே வறுவலை—"

உண்மையில் அவள் என் தட்டில்தான் முதலில் வைப்பாள். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அதனால்தான் அவளை வெறுக்க எனக்கு இவ்வளவு பாடு.

5

இனி நூனிங் கேட்டது.

போன வரைவில் அவள் ஆட்டுக்குட்டி கேட்டாள். அதற்கு முந்தையதில் கோழி வறுவல். இரண்டும் பொய். எங்கள் ஊரில் பிள்ளைகள் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி ஒற்றை முட்டை கேட்டாள். ஒருத்தன் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மணியைக் கேட்டான். ஊரே போய்க் கெஞ்சி, தலைமையாசிரியர் "தந்தேன்" என்று சொன்ன பிறகுதான் அவன் தலையில் கத்தரி வைத்தார்கள்.

சுமினியின் அடுப்பைச் சுற்றி நாங்கள் விதைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தோம். சடை வெட்டும் கெர்த்தோ பெரியவரும் காப்பிக்கு வந்திருந்தார். நூனிங் தானாகவே அவர் மடியில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு வெட்டிடுங்க."

"வெட்டிடுவோம் தங்கம். என்ன வேணும், கேளு."

"பெரியப்பா வேணும்."

"பெரியப்பா என்ன வாங்கித் தரணும்?"

"ஒண்ணும் வாங்க வேணாம். அவரு எங்க வீட்டுலயே இருக்கணும். எப்பவும்."

"ஏய், சும்மா இரு!" என்று சுமினி கையை ஓங்கினாள். ஓங்கிய பிறகு, அடிக்கக் கூடாத பிள்ளை என்று நினைவு வந்து தலையைத் தடவினாள்.

வார்ஜோ காப்பியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் ஒரு புருஷன் என்ன செய்ய வேண்டும்? "அடி கழுதை" என்று சொல்லிப் பேச்சை மாற்ற வேண்டும். அவர் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. அந்தக் கரண்டிச் சத்தத்தை எழுதப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

"யாருடி சொல்லிக் குடுத்தா?" என்று நான் கேட்டது பிள்ளையை அல்ல.

"அக்கா, எம் புருஷன் மேல ஆணையா நான் இல்லக்கா."

"செத்தவன் மேல ஆணை வச்சா யாரு வந்து கேக்கப்போறா?"

சுமினி கிழங்குக் கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கெர்த்தோ பெரியவர் என்னை முறைத்தார்.

"பிள்ளைய மடக்கக் கூடாது பர்தினா. இன்னும் ரெண்டு தரம் கேட்டுப் பாப்போம். மாத்தாம சொன்னா அதுதான்."

நூனிங் மாற்றாமல் சொன்னாள்.

அக்காள் மனைவியாக இருக்கும்போது தங்கையைக் கட்டக் கூடாது என்பது எங்கள் மார்க்கம். கட்டாமல் ஒரே கூரையின்கீழ் இருக்கவும் முடியாது. ஆகவே அவர் அங்கே போக வேண்டுமானால் என்னை விட்டுவிட வேண்டும். இதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியவர் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் மட்டும் குறித்தார். பள்ளிக்கூட மணிக்குத் தலைமையாசிரியர் சொன்னது போல, வார்ஜோவை நான் "தந்தேன்" என்று சொல்ல வேண்டும்.

6

முடிவுகள் சில செய்து வைத்திருக்கிறேன்.

வார்ஜோவின் புகைப்படம் ஒன்றைச் சட்டம் போட்டுச் சுமினி வீட்டுச் சுவரில் மாட்டுகிறோம். நூனிங் கைதட்டுகிறாள், ஊர் சிரிக்கிறது. வாரப் பத்திரிகைக்குப் பிடிக்கும். ஆனால் நூனிங் அத்தனை முட்டாள் இல்லை.

அல்லது நானும் அங்கேயே குடிபோகிறேன், எல்லோரும் ஒரே அடுப்பில். காலைதோறும் அவள் அவருக்குக் காப்பி நீட்டுவதை நான் பார்த்துக்கொண்டு— வேண்டாம்.

அல்லது பிள்ளைக்கு ஆசை காட்டி மாற்றிக் கேட்க வைக்கிறேன். இது கற்பனை இல்லை, செய்தே பார்த்தேன். சனிக்கிழமை மலைப்பப்பாளிப் பாகு ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு போனேன். நூனிங் விரலால் வழித்துத் தின்றாள்.

"நூனிங் கண்ணு, வேற ஏதாச்சும் கேளேன். சைக்கிள் கேளேன்."

யோசித்தாள். "என்ன கலரு?"

எனக்கு உயிர் வந்தது. "செவப்பு! மணி வச்சது."

இன்னும் யோசித்தாள். "வேணாம். பெரியப்பாதான்."

"அவரு உங்க வீட்டுக்கு வந்து என்னடி பண்ணப்போறாரு?"

"பாட்டுப் பாடுவாரு."

"யாரு? வார்ஜோவா?"

"அம்மா கெழங்கு பொறுக்கறப்ப பாடுவாரு. தப்புத் தப்பா பாடுவாரு. அம்மா திருத்துவா. திரும்பியும் தப்பாவே பாடுவாரு." கிண்ணத்தை நக்கிவிட்டு நிமிர்ந்தாள். "உங்க வீட்டுல பாடமாட்டாரா பெரியம்மா?"

கையைப் பிடித்தார் என்று சொல்லியிருந்தால் தெருவில் நின்று சண்டை போட்டிருப்பேன். பாட்டுக்காக எப்படிச் சண்டை போடுவது? எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் வாயில் ஒரு முணுமுணுப்புக்கூட நான் கேட்டதில்லை. பாட வராது என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏங்க, நீங்க பாடுவீங்களாமே?"

"நானா?" என்றார். "யாரு சொன்னா? எனக்கு எங்க பாட்டு வரும்."

(இதற்குப் பிறகு ஒரு பத்தி இருந்தது. கிழித்துவிட்டேன்.)

7

ஞாயிற்றுக்கிழமை. நூனிங்குக்கு வெள்ளைத் துணி கட்டி, சடையை நனைத்து, முற்றத்து நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவளுக்குக் காலையிலிருந்தே நெற்றி சுடுகிறது, கண் சிவந்திருக்கிறது. குளிரில் தலையை நனைத்ததால் என்கிறாள் பொனியெம். யாரும் அவள் சொல்வதைக் கேட்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். சுமினி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். வார்ஜோ மட்டும் மலையைப் பார்க்கிறார்.

கெர்த்தோ பெரியவர் கத்தரியை எடுத்தார்.

"பர்தினா, பிள்ளை கேட்டத தர்றியாம்மா?"

நான் வாயைத் திறந்து—

"தந்தேன்" என்று எழுதிப் பார்த்தேன். சுமினி நிமிர்ந்து பார்த்தாள், அந்தக் கண்ணில் நன்றி இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை, அடித்துவிட்டேன். "மாட்டேன்" என்று எழுதிப் பார்த்தேன். நூனிங்கின் பல் கிடுகிடுக்கத் தொடங்கியது. அதையும் அடித்துவிட்டேன். வார்ஜோவே ஏதாவது சொல்லட்டும் என்று அவருக்கு ஒரு முழுப் பக்கம் விட்டு வைத்தேன். அது வெள்ளையாகவே கிடக்கிறது.

ஆகவே முடிவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பிழைக்க வையுங்கள், சடையை ஏரியில் விடுங்கள், வேண்டுமானால் அவரைப் பாடக்கூட வையுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "நான் மட்டும் பர்தினாவின் இடத்தில் இருந்திருந்தால்" என்று தொடங்காதீர்கள். என் இடத்தை நான் இன்னும் யாருக்கும் தரவில்லை.