கலந்தால் குறையும்

...கலந்துவிட்டால் போதுமாம், கலந்தால் குறைந்துவிடுமாம், என்னமாய்ச் சொல்கிறார் மனிதர், பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே. பாலில் தண்ணீர் கலப்பவனைப் பிடித்து அபராதம் போடுகிற ஊர் இது, விஷத் தண்ணீரில் நல்ல தண்ணீரைக் கலப்பவருக்கு மட்டும் ஆணையர் என்று பெயர்ப்பலகை, குளிர்சாதன அறை, வாசலில் ஓர் உதவியாளர். அந்த வாசல் பெஞ்சில்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், நகரத்தின் நிலத்தடி நீரைக் காக்கிற பொறியாளர்... காக்கிறேனாம்! எதைக் காத்தேன்? மேற்குக் கிணறுகளைச் சுற்றி வரைபடத்தில் கோடு போட்டவள் நான். இதற்குள் சாய ஆலை கூடாது, மெக்கானிக் பட்டறை கூடாது, பெட்ரோல் பங்க் கூடவே கூடாது, கீழே இருப்பது வெறும் மணல், மேலே சிந்துவது நேரே கிணற்றுக்குத்தான் போகும் என்று எத்தனை கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். எல்லோரும் தலையாட்டினார்கள், கைகூடத் தட்டினார்கள், அப்புறம் கோட்டுக்கு உள்ளேயே ஒரு பங்க் முளைத்தது. தற்காலிக அனுமதியாம்... மண்ணுக்கடியில் தொட்டியைப் புதைத்துவிட்டு அதென்ன தற்காலிகம், சாயங்காலம் சுருட்டிக்கொண்டு போகிற கூடாரமா அது? இப்போது அந்தத் தொட்டி கசிகிறது, குடிநீரில் பெட்ரோல். ஆய்வகத்தில் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்தாயிற்று. குளோரின் போட்டால் போகாது, காய்ச்சினால் சமையலறைக் காற்றில் கலக்கும், மூச்சோடு உள்ளே போகும். "மூணு கெணத்தையும் இன்னைக்கே மூடணும் சார், ஜனங்ககிட்ட சொல்லியாகணும்" என்றேன். "கோடை முடியட்டும்மா, இப்பச் சொன்னா ஊரே கொந்தளிக்கும். மத்த தண்ணியோட கலந்து விடுங்க, அளவு குறைஞ்சிடும்ல?" "குறையும் சார், போகாது." "கொஞ்சம் வெளிய இருங்க, யோசிச்சுச் சொல்றேன்." யோசிக்கிறாராம். மேசைமேல் மூடி திறக்காத பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு யோசித்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம்தான். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு வால்வைத் திருப்ப எனக்கு அதிகாரம் கிடையாது, படித்த படிப்புக்கு ஒரு பெஞ்ச்.

உதவியாளர் தன் மேசைப் போனை என்னிடம் நீட்டுகிறார், யாரோ ஒரு பெண், மேற்குப் பக்கத்திலிருந்து, குழாயில் ஒரு மாதிரி வாடை வருகிறதாம், கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கணுமாம், "கரைக்கலாமாங்க?" என்று கேட்கிறாள். "ஆய்வு நடக்குதும்மா, சீக்கிரம் அறிவிப்பு வரும்." என் வாய்தான் சொன்னது, எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி. "சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று வைத்துவிட்டாள். எதற்கு நன்றி? திட்டித் தொலைத்திருக்கலாமே என்னை... அந்த ரிசீவரைக் கீழே வைக்கக்கூட இல்லை, அதற்குள் பையில் என் போன் அடிக்கிறது, அக்கா, அவள் வீடும் அங்கேதான், கிணறுகளுக்குப் பின்தெரு. "ஏண்டி, தண்ணி மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்குது, நீ அங்கதானே குப்பை கொட்டுற, குடிக்கலாமா கூடாதா, ஒரு வார்த்தை சொல்லு." ஆய்வு நடக்கிறது என்று நாக்கு நுனிவரை வந்தது, வெளியே வரவில்லை. "குடிக்காதக்கா. காய்ச்சவும் வேணாம். பாட்டில் வாங்கிக்கோ. யார்கிட்டயும் சொல்லிடாத, என் வேலை போயிடும்." வைத்த பிறகுதான் உறைத்தது, எவளோ பெற்ற பிள்ளைக்கு ஆய்வு, என் கூடப்பிறந்தவளுக்கு உண்மை. உள்ளே உட்கார்ந்திருப்பவரை இவ்வளவு நேரம் திட்டினேனே, அவருக்கும் எனக்கும் நடுவே இருப்பது இந்தக் கதவு ஒன்றுதானா?

கதவு திறந்தேவிட்டது. ஒரு போன் ஓய்ந்தால் அடுத்தது அலறுகிறது, உதவியாளர் என்னைக் கையைக் காட்டி அழைக்கிறார், உள்ளே ஆணையர் முகம் சிவந்து நிற்கிறார். "மேற்கால பங்க் முன்னாடி ஜனங்க குடத்தோட ரோட்ல உக்காந்துட்டாங்க! முன்னாடி நின்னு கத்துற அம்மா, 'என் தங்கச்சி தண்ணி ஆபீஸ்ல இருக்கா, அவளே சொன்னா'ங்குதாம். யாரு அது?" "என் அக்கா, சார்." முறைத்தார், காகிதத்தை இழுத்தார், கிணறுகளை மூடும் உத்தரவில் கையெழுத்தைக் கிறுக்கினார், மைக் வைத்து அறிவிக்கச் சொன்னார், லாரித் தண்ணீர் அனுப்பச் சொன்னார், அதே மூச்சில், "உங்களுக்கு மெமோ வரும், எழுத்துல விளக்கம் குடுக்கணும், எதுக்கு வெளிய சொன்னீங்கன்னு." வரட்டும். நீரேற்று நிலையத்துக்குப் போன் போட்டேன், வால்வை அடைத்துவிட்டேன் என்று ஆப்பரேட்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அப்புறம் வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டேன், பின்னால் ஒரே கூச்சல், குடங்களைத் தட்டுகிறார்கள். "சொல்லாதன்னு சொன்னேனேக்கா!" "ஆமா, சொன்ன. அதான் பக்கத்து வீட்டுல மட்டும்தான் சொன்னேன்" என்கிறாள், வெட்கமே இல்லாமல். சிரிப்பு வந்துவிட்டது, படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவளிடம் எது தங்கியிருக்கிறது, எனக்கு வந்த முதல் காதல் கடிதம் மறுநாளே தெருமுனைத் தையற்காரர்வரை போய்ச் சேர்ந்ததே... ஊரில் யாரிடம் சொன்னாலும் இவளிடம் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேனா? இல்லை, அவள் ஒருத்தி பிழைத்தால் போதும் என்றுதான் சொன்னேனா... மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது? எதுக்கு வெளிய சொன்னீங்க. நிஜமாகவே, எதற்கு?