எதிர்வீட்டுக்கு ஒன்று

என் கணவருக்குப் பூட்டுகளைத் தெரிந்த அளவுக்கு மனிதர்களைத் தெரியாது. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "பூட்டு பொய் சொல்லாதும்மா" என்பார். அரத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் சாவியைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் பூட்டு சாவிக் கடை திறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்கு முன்னால் தொழிற்சாலையில் இரவு வேலை. நான் காலையில் பள்ளிக்கூட அலுவலகத்துக்குக் கிளம்பும்போது அவர் வீட்டுக்கு வருவார். நான் திரும்பி வரும்போது அவர் கிளம்பிவிடுவார். வாசலில் நின்று வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் எங்கள் குடித்தனம். சாப்பிடும்போது அவர் பாட்டு முணுமுணுப்பார் என்பதே கடை திறந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவும் ஸ்ருதி சேராத பாட்டு. இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

கடைக்கு மாற்றுச் சாவி போட ஆட்கள் வந்தார்கள்தான். அதில் கிடைப்பது டீச் செலவுக்கே சரியாகப் போய்விடும். வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால்தான் இந்தத் தொழிலில் நாலு காசு பார்க்க முடியும். அந்த அழைப்பு வரவே இல்லை. போனில் தேடினால் பெரிய கம்பெனிகள் வரிசையாக வந்து நிற்கும். எங்கள் கடை எங்கேயோ அடியில் கிடக்கும். அவர் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டார். இரவு ஷிப்டில் ஓர் இடம் காலியாம், மாதக் கடைசியில் பதில் வேண்டுமாம்.

"அதுக்குள்ள கதவு திறக்க நாலு பேராவது கூப்பிட ஆரம்பிச்சா பார்க்கலாம். இல்லேன்னா போயிடறேன்" என்றார் கணவர்.

எனக்கு அவர் ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

யோசனை சொன்னது என் நாத்தனார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவள். "சும்மா போர்டு மாட்டி வச்சா யாருக்கு ஞாபகம் இருக்கும் அண்ணி? ஜனங்க கையில ஏதாவது கொடுக்கணும். பேரும் நம்பரும் போட்டு" என்றாள். சொன்னதோடு நிற்காமல், அவர்கள் ஆபீசுக்கு டைரி சப்ளை செய்கிற ஆளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த மனிதர் சாம்பிள் பெட்டியைத் திறந்ததும் எங்கள் சாப்பாட்டு மேஜை பொம்மைக் கடை மாதிரி ஆகிவிட்டது. பேனா, கப், தொப்பி, துணிப்பை, குடை, கையில் வைத்துப் பிசைவதற்கு ஒரு மஞ்சள் பந்து.

"இந்தப் பேனாவுல லைட் எரியும்மா" என்று பெருமையாக அமுக்கிக் காட்டினார்.

"இருட்டுல உக்காந்து யாருங்க எழுதறாங்க?" என்றேன்.

அவர் பேனாவை ஓரமாக வைத்துவிட்டுப் பந்தை எடுத்தார். "இது மனசு டென்ஷனா இருக்கும்போது பிசையறதுக்கு."

"அதுக்கு வீட்ல சப்பாத்தி மாவு இருக்கு."

நாத்தனார் என் காலை மேஜைக்கு அடியில் மிதித்தாள். எனக்குக் கப் பிடித்திருந்தது. தினமும் காலையில் அதில்தானே முழிப்பார்கள். நாத்தனார் துணிப்பைக்குக் கொடி பிடித்தாள். நாங்கள் இருவரும் தொண்டைத் தண்ணீர் வற்ற வாதாடிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத என் கணவர் பெட்டியின் மூலையிலிருந்து ஒரு சாவி வளையத்தை எடுத்தார். நகத்தால் நெம்பிப் பார்த்தார். விரலில் மாட்டி ஆட்டிப் பார்த்தார்.

"இதுதான்."

"எல்லார்கிட்டயும்தான் பத்து இருக்குமே" என்றேன்.

"கப்புல டீ குடிக்கறவனுக்குப் பூட்டு ஞாபகம் வருமா? சாவிக் கடைக்குச் சாவி வளையம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

கேட்டபோது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாத்தனாருக்கும் பட்டது. இத்தனைக்கும் அவள் எங்கள் குடும்பத்தில் புத்திசாலி என்று பேர் எடுத்தவள்.

சாதாரண வளையம் வேண்டாம் என்றுவிட்டார். "ரெண்டு மாசத்துல வாயைப் பொளக்கற வளையத்துல என் கடைப் பேரைப் போட மாட்டேன்." கெட்டியான பித்தளை, அதில் ஒரு வட்டத் தகடு, தகட்டில் கடைப் பேர், நம்பர், கீழே 'வெளியே மாட்டிக்கொண்டீர்களா? கூப்பிடுங்கள்!' என்று ஒரு வரி. ஒதுக்கி வைத்திருந்த பணம் மொத்தமும் அதற்கே போனது. சாம்பிள்காரர் வாயெல்லாம் பல்லாகப் போனார்.

வளையங்கள் வந்தன. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். வாங்கியவர்கள் அங்கேயே பழைய வளையத்தைக் கழற்றிவிட்டு வீட்டுச் சாவியை இதில் மாட்டிக்கொண்டார்கள். "கனமா இருக்குங்க, தொலையவே தொலையாது" என்று பாராட்டினார்கள். கணவருக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுக்கும் ஒன்று கொடுக்கலாம் என்றார். கூடாது என்று நான்தான் தடுத்தேன்.

எதிர்வீட்டில் இருந்தவர் ரேடியோ மாமா. அந்தப் பெயர் நான் வைத்தது. காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் செய்தி வாசிப்பது தெருமுனை வரை கேட்க வேண்டும் அவருக்கு. எங்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்து பல வாரங்கள் ஆகியிருந்தன.

போன் மட்டும் கப்சிப். மாதம் கரைந்துகொண்டே வந்தது. கணவர் தொழிற்சாலைக் காக்கிச் சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்த்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சமையலறைக்குள் போய் இரண்டு பாத்திரங்களை ஓங்கி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டில் ரேடியோ அலறியது. இருந்த எரிச்சலில் விடுவிடுவென்று போய் அவர் கதவைத் தட்டினேன். அவர் கதவைத் திறந்த நேரத்தில் காற்றடித்து, என் பின்னால் எங்கள் வீட்டுக் கதவு படார் என்று சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காத கதவு.

வீட்டுக்கு இருந்த ஒரே சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. போன் கட்டிலில் கிடந்தது. நான் தலையில் துண்டோடு, சண்டைக்கு வந்த முகத்தோடு, ரேடியோ மாமா முன்னால் நின்றேன்.

"என்ன விஷயம்?" என்றார்.

"கொஞ்சம்... உங்க போனைக் கொடுக்கறீங்களா மாமா?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பட்டன் வைத்த பழைய போனைக் கொண்டுவந்தார். "நம்பர் சொல்லு, அடிக்கறேன்."

நான் விழித்தேன். என் போனில் 'அவர்' என்று இருக்கும்; அதைத் தொட்டால் அவர் பேசுவார். நம்பரை யார் மனப்பாடம் செய்தார்கள்?

"புருஷன் நம்பர் தெரியாதா?"

"சாவி வளையத்துல போட்டிருக்கு மாமா."

"அது எங்கே?"

"உள்ள."

ரேடியோ மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ரேடியோவை அணைத்தார், நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின் சீட்டில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருக்க, மாமா மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு வந்தார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கணவர் பூட்டின் மேல் காதை வைத்தார், மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் திருப்பினார், கதவு திறந்துகொண்டது. மாமா இன்னும் நெற்றி வியர்வையைக்கூடத் துடைத்து முடிக்கவில்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா நான் அவ்வளவு தூரம் மிதிச்சேன்? அந்த நம்பர் என்கிட்ட இருந்திருந்தா ஒரு போன்ல முடிஞ்சிருக்குமே!" என்று கத்தினார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஆணியில் தொங்கிய பித்தளைத் தகட்டைப் பார்த்தார். 'வெளியே மாட்டிக்கொண்டீர்களா? கூப்பிடுங்கள்!' என்று அது வீட்டுக்குள்ளே இருந்து எங்களைக் கேட்டது.

"ஏங்க, சாவியைத் தொலைச்சவங்களுக்கு நம்பரைச் சாவியிலயே எழுதிக் கொடுத்திருக்கோம்" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பிறந்ததிலிருந்து ஒருநாளும் அவர் எந்தக் கதவுக்கு வெளியேயும் மாட்டிக்கொண்டதில்லை. அவருக்கு எப்படித் தோன்றும்? சாவியோடு நிற்கிறவர்களைத்தான் கடையில் பார்த்திருக்கிறார். முதலில் நான் சிரித்தேன், பிறகு அவர், காரணம் புரியாமலே மாமாவும்.

மிச்சமிருந்த வளையங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்து மாமா கையில் நானே கொடுத்தேன். "இது உங்களுக்காக இல்ல மாமா. எனக்காக உங்ககிட்ட இருக்கட்டும்."

திங்கட்கிழமை முதல் கடையில் இரண்டு இரண்டாகக் கொடுத்தோம். ஒன்று உங்களுக்கு, ஒன்று எதிர்வீட்டுக்கு. ஏற்கெனவே வாங்கிப் போனவர்களையும் தேடிப் பிடித்து இரண்டாவதைக் கொடுத்தோம். வெளியே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் தட்டுவது எதிர்வீட்டுக் கதவைத்தானே!

"எங்களுக்கும் எதிர்வீட்டுக்கும் ஆகாதுங்க" என்று ஒரு தையல்கார அம்மா நெளிந்தார்.

"அப்படின்னா கட்டாயம் கொடுங்க. நான் பட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் முதல் அழைப்பு வந்தது. எதிர்வீட்டம்மாவிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டது அதே தையல்கார அம்மா. அதற்குப் பிறகு ஒரு டிரைவர், ஒரு பல் டாக்டர், கைக்குழந்தையோடு படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். கணவருக்குச் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் போன் வரும். பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் கடையில் நான் இருந்தேன். போன் அடித்தது. யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று உற்சாகமாக எடுத்தால், சூப்பர்வைசர்.

"அவர் இல்லையாம்மா?"

"ஒரு கதவைத் திறக்கப் போயிருக்கார்."

"ராத்திரி ஷிப்டுக்குப் பதில் சொல்றேன்னாரே, என்ன முடிவு பண்ணினார்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வர்றதுக்கில்லைங்க. ராத்திரியில அவர் வீட்ல இருப்பார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கணவர் வாசலில் கருவிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என்னைக் கேக்காமலே சொல்லிட்டியா?"

"ஆமா. போய் அந்தத் தொழிற்சாலைச் சட்டையைத் துடைக்கிற துணியா கிழிச்சுப் போடுங்க."

"காலையிலயே கிழிச்சுட்டேன்" என்றார். பையிலிருந்து காக்கித் துணி ஒன்றை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்ருதி சேராத அந்தப் பாட்டை ஆரம்பித்தார்.