நட்டநடு நிறுத்தம்

உசிலம்பட்டியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸுக்கு வடக்கூரணி, தெற்கூரணி இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிறுத்தம்தான் என்று அறிவித்ததும் சண்டை மூண்டது. வடக்கே தலைமை தாங்கியவர் சிவபாண்டி. தெற்கே, அவருடைய தங்கை சோணையம்மாளின் புருஷன் மொக்கைச்சாமி. மறியல், கல்வீச்சு எல்லாம் முடிந்து அமைதிக் கூட்டம் கூடியது.

பேச்சுவார்த்தைக்கென்றே தனிப் பயிற்சி எடுத்த அதிகாரி சரண்யாதேவி வந்திருந்தார்.

"அடிச்சுக்கிட்ட நாடுகளே உக்காந்து பேசுறாங்க. நாம பேசக் கூடாதா?"

"நாடுக கெடக்கட்டும் மேடம்," என்றார் மொக்கைச்சாமி. "எங்க ஊர்ல நிக்கலேன்னா அவுக ஊர்லயும் நிக்கக் கூடாது."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் சிவபாண்டி.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இரு தரப்பும் ஒத்துப்போகும் புள்ளி கிடைத்துவிட்டதே! இரண்டு ஊருக்கும் நட்டநடுவே, கருவேலங்காட்டில் நிறுத்தம் என்று முடிவானது. கைகுலுக்கினார்கள். போட்டோ எடுத்தார்கள். பசுமலைக் கல்லூரி ஒன்றில் இந்த வெற்றியைப் பற்றிப் பேச அதிகாரிக்கு அழைப்பும் வந்தது.

முதல் நாளே சோணையம்மாள் சந்தையிலிருந்து தவிட்டு மூட்டையோடு காட்டில் இறங்கினாள். கூட்டிப்போக வந்த மொக்கைச்சாமி பெருமையாகச் சொன்னார்:

"நமக்கு எம்புட்டுத் தூரமோ, ஒங்கண்ணனுக்கும் அம்புட்டுத் தூரம். பாத்தியா?"

அவள் மூட்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள்.

மறுநாள் அவர் டிரைவர் முகேஷைத் தனியாகப் பிடித்தார். "நிறுத்த வேணாம் தம்பி. எங்க ஊர்ல லேசா ஸ்லோ பண்ணு, போதும். வெளிய சொல்லிராத."

முகேஷ் சிரித்தான். சிவபாண்டி இதையே முந்தின நாள் கேட்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொண்டார்கள். வடக்கூரணியில் வேகம் குறைந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்குப் போன சிவபாண்டி, கடைசி நொடியில் மச்சானைப் பார்த்துவிட்டார். மொக்கைச்சாமி வாயைத் திறந்தார். அடுத்து தன் ஊர் வருவது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, சொல்லுங்கண்ணே!" என்றார்.

எதிர்முனையில் யாருமில்லை.

சிவபாண்டி குதித்து இறங்கினார். பஸ் காட்டுக்குள் போய், ஒப்பந்தப்படி நின்றது. ஆள் யாரும் ஏறவில்லை, இறங்கவுமில்லை. பஸ் நிழலில் படுத்த ஆடுகளைக் கண்டக்டர் இறங்கி விரட்டிவிட்டு விசில் ஊதினார்.