ஒரு 'ஸ்' அதிகம்

நாலு துண்டு ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும் உள்ளே தள்ளிவிட்டுத்தான் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார் என்பது, பச்சை கவுனை மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்த பிறகுதான் தெரிந்தது. பித்தப்பைக் கல்லை எடுக்கும் ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வயிறு நிறைய இருக்கும்போது மயக்கம் கொடுக்க முடியாது. இனி அடுத்த மாசம்தான் தேதி கிடைக்கும்."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு நாள் லீவுக்காக மேனேஜரிடம் எத்தனை முறை பல்லைக் காட்டியிருப்பாள்! அது போய்த் தொலையட்டும். வலி வந்து அப்பா சுருண்டு கிடப்பதை இன்னும் ஒரு மாதம் எப்படிப் பார்ப்பது?

"ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா!"

"மீல்ஸ் சாப்பிடக் கூடாதுன்னுதானேம்மா சொன்னே? மீல்ஸ்னா சோறு. காலங்காத்தால எவன் சோறு திம்பான்? ரொட்டி எப்படிம்மா மீல்ஸாகும்?"

எந்த ஓட்டல் போர்டைப் பார்த்தாலும் மீல்ஸ் என்றால் சோறுதான். அதில் அப்பாவை மடக்க வழியில்லை. கோபத்தைத் தூக்கிக்கொண்டு நர்ஸிடம் போனாள்.

"நேத்து போன்ல எதுக்கு மீல்ஸ்னு சொன்னீங்க? எதுவுமே சாப்பிடக் கூடாதுன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

நர்ஸ் அசரவில்லை. "எந்த மீலும் கூடாதுன்னு சொன்னேன். மீல்னா எந்த வேளைச் சாப்பாடும்தான். 'ஸ்' நான் போடல, மேடம்."

மகளுக்குச் சுருக்கென்றது. பஸ் நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போனைக் கேட்டுவிட்டு, "நாளைக்கு மீல்ஸ் கிடையாதுப்பா" என்று வீட்டில் வந்து சொன்னது அவள்தான். அந்தப் பாழாய்ப்போன 'ஸ்' ஓட்டல் பழக்கத்தில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது யார் மேல் எரிந்து விழுவது?

அதற்குள் அப்பா கவுனின் முதுகுப் பக்கத்தைப் பிடித்தபடி இறங்கி வந்துவிட்டார்.

"சிஸ்டர், எம்பொண்ணு சரியாத்தான் சொன்னா. எனக்குத்தான் பசி தாங்கல."

நர்ஸ் பிடிபிடியென்று பிடித்தார். அப்பா தலையைக் குனிந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். "இல்ல சிஸ்டர், நான்தான்..." என்று மகள் வாயெடுத்ததும், பேசாதே என்பதுபோல அவள் கையை அழுத்தினார்.

அழுத்திய கை தளரவில்லை. இறுகிக்கொண்டே போனது. நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவுக்கு வலி ஆரம்பித்திருந்தது.