பொருள்: எட்டுக்கால் பூச்சி, எண்ணிக்கை: ஒன்று

புருஷோத்தமன் பாம்பைக் கையால் பிடித்தவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவரை வெறும் சோப்ளாங்கி என்று நினைத்துக்கொள்வீர்கள். போன மழைக்காலத்தில் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற ஏரி நிரம்பி, ஆள் நீளத்துக்கு ஒரு சாரைப்பாம்பு டூவீலர் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டது. செக்யூரிட்டிகள் இரண்டு பேரும் பாம்பை உள்ளே விட்டுவிட்டுத் தாங்கள் கேட்டுக்கு வெளியே போய் நின்று காவல் காத்தார்கள். புருஷோத்தமன்தான் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு போனார். வாலைப் பிடித்துத் தூக்கினார். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் இருந்த புதரில் விட்டார். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே, "இன்னாத்துக்கு வேடிக்கை? லைன யாரு எங்க மாமியாரா வந்து ஓட்டுவாங்க?" என்று ஒரு கத்து கத்தினார். கூட்டம் சிட்டாய்ப் பறந்துவிட்டது.

அவர் கத்துவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பென்னலூர்ப் பக்கம் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனி அது. அதில் மூன்றாவது லைனுக்கு அவர் சூப்பர்வைசர். இருபது தையல் மெஷின் ஒரே நேரத்தில் ஓடுகிற சத்தத்தையும் தாண்டி அவர் குரல் கேன்டீன் வரைக்கும் கேட்கும். நூல் அறுந்தால் ஏன் அறுந்தது என்று கத்துவார். அறுந்துபோகாமல் இருந்தால், ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறாய் என்று கத்துவார். காலையில் குன்றத்தூர் பஸ்ஸிலிருந்து அவர் இறங்குகிறார் என்று தெரிந்தால் போதும், டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று ஒரே மடக்காக விழுங்கிவிட்டு ஓடுவார்கள். இந்தப் பயத்தில்தான் லைன் ஓடுகிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. பயம் போய்விட்டால் எல்லாம் போய்விடும், அப்புறம் நாளைக்கு ஒருத்தனும் மதிக்க மாட்டான்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு எட்டுக்கால் பூச்சி என்றால் ஆகாது.

ஆகாது என்றா சொன்னேன்? உயிரே போய்விடும். வீட்டுக் குளியலறையில் ஒன்று தென்பட்டால் சோப்பு நுரையோடு கட்டில் மேல் ஏறிவிடுவார். அவர் மனைவி ஜோதி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். "போயிடுச்சா? நல்லா பாரு. வேற பிள்ளகுட்டி ஏதாச்சும் கீதா பாரு" என்று கட்டிலிலிருந்து உத்தரவு வரும். "எல்லாம் போயாச்சு, எறங்கி வாங்க பாம்பாட்டி" என்பாள் ஜோதி. ஏன் இந்தப் பயம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பாம்புக்குக் கால் இல்லை, அது எந்தப் பக்கம் போகும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இது எட்டுக் காலை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடும் என்று ஒருமுறை விளக்கம் சொல்லிப் பார்த்தார். ஜோதி சிரித்ததில் புரையேறிவிட்டது. உலகத்திலேயே அவள் ஒருத்திக்கு மட்டும்தான் இந்த விஷயம் தெரியும்.

இப்படி இருக்கையில், மூன்றாவது லைனிலேயே ஓர் எட்டுக்கால் பூச்சி குடிவந்து சேர்ந்தது. சின்னது கிடையாது. உள்ளங்கை அகலம், தட்டையான உடம்பு, கம்பளி போர்த்திய மாதிரிக் கால்கள். மணிக்கு எத்தனை உறை தைத்தோம் என்று எழுதுகிற போர்டு சுவரில் மாட்டியிருக்கிறதே, அதற்குப் பின்னால்தான் அதன் வாசம். வலை கிலை ஒன்றும் கட்டாது. சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு கால் மட்டும் போர்டின் ஓரத்தில் வெளியே தெரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து புருஷோத்தமன் போர்டுப் பக்கம் போகவில்லை. பேனா பிடிக்கத் தெரியாத லோடர் வேல்ராஜைக் கூப்பிட்டு, "உன் கையெழுத்து நல்லாகீதுப்பா, நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். வேல்ராஜ் அன்றைக்கெல்லாம் யாரோடும் பேசாமல் சந்தோஷமாக இருந்தான்.

அடித்துப் போடச் சொல்லலாம்தான். ஆனால் போர்டுக்குப் பக்கத்து மெஷின் அம்சவல்லியுடையது. பிள்ளைப்பாக்கத்துக்காரி. அவளுக்கு அந்தப் பூச்சி என்றால் கொள்ளைப் பிரியம். காலையில் வந்ததும் மெஷினைத் தொட்டுக் கும்பிடுவாள், அடுத்து போர்டைத் தட்டி, "இன்னா, துன்னியா?" என்று கேட்பாள்.

ஒருநாள் புருஷோத்தமன் தூரத்தில் நின்றபடியே தொடங்கிப் பார்த்தார். "அம்சவல்லி, இந்தப் பூச்சி கீச்சியெல்லாம் அட்ச்சி வெளிய போட்டா இன்னா?"

"ஐயய்யோ, பாவம் சார்! எவ்ளோ கரப்பான் இருந்திச்சி இங்க, ஒன்னாச்சும் இப்ப கீதா? எல்லாம் இதுதான் காலி பண்ணிச்சி. எங்க வூட்டுக்காரர் மாதிரியே ஒரே எடத்துல ஒட்டிகினு கீது, இன்னா ஒன்னு, இது வேல செய்யுது." சொல்லிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் சார், பாம்ப புட்ச்ச கை உங்க கை. இது இன்னா பண்ணப் போவுது உங்கள?"

"என்ன ஒன்னும் பண்ணாது! நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!" என்று கத்திவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். இதற்கு மேல் வற்புறுத்தினால் குட்டு உடைந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஆடிட் வந்தது. கார் கம்பெனியிலிருந்து ராஜசேகர் என்று ஓர் அதிகாரி வரப்போகிறார், லைனைச் சோதிக்கப் போகிறார் என்று தகவல். இந்த ஆடிட்டுக்கு ஒரு விதி உண்டு. லைனில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒரு லேபிள், அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத எதுவும் லைனில் இருக்கக் கூடாது, வெளியே போக வேண்டும்.

புருஷோத்தமனுக்கு மண்டைக்குள் பல்பு எரிந்தது. அடடா, யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? ஆடிட்டுக்கு முதல் நாள் காலை மீட்டிங்கில் எல்லாரையும் நிற்கவைத்து முழங்கினார்.

"நல்லா கேட்டுக்குங்க! லேபிள் இல்லாத ஒரு பொருளும் லைன்ல இருக்கக் கூடாது! அது கத்திரிக்கோலா இருந்தாலும் சரி, ஸ்டூலா இருந்தாலும் சரி, உயிருள்ளதா இருந்தாலும் சரி! லேபிள் இல்லையா, தூக்கி வெளிய போடு! பொதுப் பொருளுக்கெல்லாம் என் பேரப் போடுங்க, நான் பொறுப்பு!"

உயிருள்ளதா இருந்தாலும் என்ற இடத்தில் அம்சவல்லி பக்கம் திரும்பி அழுத்திச் சொன்னார். அவள் முகம் வாடிப்போனது. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குஜால்.

மறுநாள் காலை வந்ததும் கேட்டார். "எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டியாச்சா?"

"ஒன்னு விடல சார்" என்றாள் அம்சவல்லி.

"வேணாததெல்லாம் வெளிய போட்டாச்சா?"

"வேணாதது ஒன்னுகூட இல்ல சார் இப்ப."

அப்பாடா! எத்தனையோ நாள் கழித்து அவர் நேராகப் போர்டுக்குப் போனார். வேல்ராஜ் எழுதியிருந்த எண்களைப் படிக்க முயன்று தோற்றார். பிறகு அந்தப் போர்டு மேலேயே சாய்ந்து நின்றுகொண்டு லைன் முழுவதையும் பெருமையோடு பார்த்தார். போர்டுக்குக் கீழே புதிதாக ஒரு வெள்ளை லேபிள் இருந்தது. போர்டுடைய லேபிளாக இருக்கும் என்று விட்டுவிட்டார். படித்துத் தொலைத்திருக்கலாம் மனுஷன்.

ராஜசேகர் பதினோரு மணி வாக்கில் வந்தார். சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த முகம், கையில் ஒரு டேப்லெட். கத்திரிக்கோல் பார்த்தார், ஸ்டூல் பார்த்தார், எல்லாவற்றுக்கும் லேபிள் இருந்தது. புருஷோத்தமன் மறுபடி பெருமையோடு சாய்ந்து நின்றிருந்த போர்டுக்கு வந்தார். குனிந்து வாய்விட்டுப் படித்தார்.

"பொருள், எட்டுக்கால் பூச்சி. எண்ணிக்கை, ஒன்று. பயன், கரப்பான் ஒழிப்பு. இடம், போர்டுக்குப் பின்னால். பொறுப்பு, புருஷோத்தமன்."

புருஷோத்தமன் போர்டிலிருந்து துள்ளி விலகினார். முதுகெல்லாம் ஊறுகிற மாதிரி இருந்தது. காலையிலிருந்து இதன் மேலேயா சாய்ந்துகொண்டிருந்தேன்!

"புருஷோத்தமன் யாரு?"

வேறு வழியில்லை. "நான்தான் சார்."

"லேபிள் எல்லாரும்தான் ஒட்டறாங்க" என்றார் ராஜசேகர். "சொன்ன பொருள் சொன்ன இடத்துல இருக்கணும், அதானே விஷயம்? எங்க, இத அரை நிமிஷத்துல எடுத்துக் காட்டுங்க பாப்போம்." டேப்லெட்டில் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

இருபது மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எல்லாக் கண்ணும் அவர் மேல். அம்சவல்லி கண்ணில் மட்டும் அப்படி ஒரு பூரிப்பு, சார் பேரில் லேபிள் போட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று.

"அது இன்னிக்கு லீவு சார்" என்று சொல்லிப் பார்த்தார் புருஷோத்தமன்.

ராஜசேகர் பேனாவால் போர்டை லேசாக நகர்த்தி எட்டிப் பார்த்தார். "டூட்டிலதான் இருக்கு. ம், எடுங்க."

இப்போது அவருக்கு இருந்தது இரண்டே வழி. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர் இந்த இடத்திலேயே செத்துப்போகும். எடுத்தால் அவரே செத்துப்போவார். கொஞ்சம் யோசித்ததில் இரண்டாவது தேவலை என்று பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு போர்டுக்குப் பின்னால் கையை விட்டார்.

மெத்தென்று ஏதோ விரலில் பட்டது. அடுத்த நொடி அது மணிக்கட்டில் இருந்தது. அதற்கு அடுத்த நொடி சட்டைக் கைக்குள் போய்விட்டது.

"அய்யோ ஜோதீ...!"

அந்தக் கத்து இருக்கிறதே, அதுவரைக்கும் அவர் கத்தியதெல்லாம் தாலாட்டு. கேன்டீனில் ஒருத்தர் சாம்பார் வாளியைப் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். புருஷோத்தமன் இரண்டு சுற்றுச் சுற்றினார், ஸ்டூலைத் தள்ளினார், உறைக் கட்டு அடுக்கியிருந்த தள்ளுவண்டி மேல் பாய்ந்து ஏறினார். பாய்ந்த வேகத்தில் வண்டி கிளம்பிவிட்டது. லைன் நெடுக, ஒவ்வொரு மெஷினாகக் கடந்து, "ஜோதீ! துடப்பம் எடு! ஜோதீ!" என்று கூவிக்கொண்டே மூன்றாவது லைனின் சிங்கம் ஊர்வலம் போனது. கடைசியில் தண்ணீர்க் கேனில் மோதப்போன வண்டியை வேல்ராஜ்தான் பிடித்து நிறுத்தினான்.

அம்சவல்லி ஓடிவந்தாள். "அசையாதீங்க சார்! மெரண்டுடப் போவுது!"

"நானா?"

"உங்கள யார் சொன்னது, அது மெரண்டுடப் போவுது!" அவருடைய காலருக்குப் பின்னால் கையை விட்டு, "வாடா ராசா, வா, பயப்படாத" என்று பூச்சியைப் பக்குவமாக எடுத்தாள். இரு கையிலும் பொத்திக்கொண்டு நேரே ராஜசேகரிடம் போனாள். "இந்தாங்க சார், பொருள்."

ராஜசேகர் எப்போது தூணுக்குப் பின்னால் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்தே, "பாத்துட்டேன்மா, நல்லா பாத்துட்டேன், பாஸ், பாஸ்! எடத்துல வெச்சிடு!" என்றார். அடுத்த லைனுக்குக் கிட்டத்தட்ட ஓட்டமாகவே போனார்.

லைன் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. புருஷோத்தமன் உறைக் கட்டின் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கத்திப் பார்க்கலாமா என்று வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எனக்கு அத கண்டா பயம்" என்றார். "சின்ன வயசுல இருந்தே. போதுமா? சிரிக்கணும்னா சிரிச்சிக்குங்க."

இப்படி அனுமதி கொடுத்த பிறகு யார் சும்மா இருப்பார்கள்? முதலில் வேல்ராஜுக்குப் பீறிட்டது. அப்புறம் லைன் மொத்தமும் மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. இத்தனை வருஷத்தில் அந்த லைனில் இப்படி ஒரு சிரிப்புச் சத்தத்தை அவர் கேட்டதே கிடையாது. கோபமாக வந்தது, அழுகையாக வந்தது. ஆனால் எதிரே நிற்கிற இருபது பேரில் ஒருத்தர் முகம்கூட அவருக்குப் பழக்கப்பட்ட முகமாக இல்லை. இவர்களுக்கெல்லாம் பல் இருக்கிறது என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்சவல்லிக்குத்தான் மனசு கேட்கவில்லை. பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டே, பத்தடி தள்ளியே நின்று பேசினாள். "இதுல இன்னா சார் வெக்கம்? எங்களுக்கும் அப்படித்தான. காலைல நீங்க பஸ்ஸ விட்டு எறங்கறத பாத்தா எனக்குக் கை கால்லாம் வெலவெலன்னு வந்துடும். எந்தப் பக்கத்துல இருந்து வந்து நிப்பீங்களோன்னு முதுகுலாம் ஊறும்."

புருஷோத்தமன் அவளையும் அவள் கையிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டைக் கைக்குள் அது ஓடியபோது தனக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். தினமும் காலையில் இவர்களுக்கு அப்படியா?

"அப்போ, நானும் அதுவும் ஒன்னுன்ற?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது.

அம்சவல்லி போய்ப் போர்டைத் தூக்கி, பூச்சியை அதன் இடத்தில் விட்டுவிட்டு வந்தாள். கொஞ்சம் யோசித்தாள். மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்று பேசத் தெரியாதவள் அவள்.

"சேச்சே, இன்னா சார் நீங்க" என்றாள். "இது கத்தவே கத்தாது."